காலைக் காக்கும் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

பொடியாட்ரி என்னும் பாத மருத்துவப் படிப்பைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை பிரிட்டனில் இருந்து வந்தவை. படிக்கலாமா என்று யோசிப்பவர்களும், படித்துக்கொண்டே கத்தி பிடிக்கத் தடுமாறுபவர்களும் எழுதியிருக்கிறார்கள். இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: மகள் ஏ லெவல் ரெண்டாம் வருசம். உயிரியல், வேதியியல், உளவியல் எடுத்திருக்கிறா. மெடிசினுக்குப் போடப்போறா. கிடைக்காட்டி பொடியாட்ரி படிக்கலாம் எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லியிருக்கினம். அப்பிடி என்ன படிப்பு இது? எங்க படிக்கலாம்? — ஒரு தாய், ஹரோ

பதில்: பாதம், கணுக்கால், அவற்றை இயக்கும் கீழ்க்கால் ஆகியவற்றின் நோய்களைக் கண்டுபிடித்து, கத்தி, மருந்து, காலணி, அதற்குள் வைக்கும் உள்ளட்டை என எது தேவையோ அதைக்கொண்டு சரிசெய்யப் பழக்கும் பட்டம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மூன்று ஆண்டு, ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. சால்ஃபோர்ட், ஹடர்ஸ்ஃபீல்ட், நார்தாம்டன், பிளிமத், கார்டிஃப் மெட்ரோபாலிட்டன், அல்ஸ்டர், கிளாஸ்கோ கலிடோனியன், எடின்பரோவின் குயின் மார்கரெட் ஆகியவை இந்தப் படிப்புக்கு அறியப்பட்ட பல்கலைக்கழகங்கள். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் பட்டத்துக்கு எச்சிபிசி எனப்படும் சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பொடியாட்ரிஸ்டாக வேலை செய்ய முடியாது.

ஏ லெவலில் பெரும்பாலும் பி-பி-சி முதல் பி-பி-பி வரையான தரம் கேட்கிறார்கள். மூன்று பாடங்களில் ஒன்று அறிவியலாக, முக்கியமாக உயிரியலாக இருந்தால் நல்லது. ஜிசிஎஸ்இ எனப்படும் பதினாறு வயதுத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் தேறியிருக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு குற்றப்பதிவுச் சோதனை, உடல்தகுதிச் சோதனை, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாம் உண்டு.

விண்ணப்பத்தில் ஒரு வசதி இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்பில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்; அவற்றில் மெடிசினுக்கு நான்கைத்தான் பயன்படுத்தலாம். ஐந்தாவது இடத்தை வெறுமனே விட்டுவிடாமல் பொடியாட்ரிக்குக் கொடுக்கலாம். ஆனால் மெடிசினுக்காக எழுதிய தன்விவரக் குறிப்புதான் அங்கேயும் போகும் என்பதால், நேர்காணலில் "டாக்டராக விரும்பியவர் இங்கே ஏன் வந்தீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கு மனப்பாடமாகப் பதில் சொன்னால் எடுபடாது. விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒரு பாத கிளினிக்கில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவுப் புண்ணில் கட்டு மாற்றுவதை நேரில் பார்த்தவர் பேசும் விதமே வேறாக இருக்கும். பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மகள் சொன்னால், வற்புறுத்த வேண்டாம்.

முதலாண்டில் உடற்கூறு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்தையும் சேர்த்தால் உடலின் எலும்புகளில் நாலில் ஒரு பங்கு. அதோடு நகம் வெட்டுவது, காய்ப்பு எடுப்பது, கிருமிநீக்கம். இரண்டாம் ஆண்டில் நடைப் பரிசோதனை, உள்ளட்டை செய்வது, மருந்தியல், விரலை மரத்துப்போகச் செய்யும் ஊசி, நக அறுவை. மூன்றாம் ஆண்டில் நீரிழிவு, ரத்த ஓட்டக் குறை, மூட்டுவாதம் போன்ற சிக்கலான பாதங்களோடு ஓர் ஆய்வுக் கட்டுரையும் இருக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வரிசையைக் கொஞ்சம் மாற்றி வைக்கும். பட்டம் முடிவதற்குள் சுமார் 1000 மணிநேரம் நோயாளிகளோடு கழிந்திருக்கும். இந்த மணிநேரம்தான் மாணவர்களைத் திணறடிக்கிறது. வாரத்தில் பல நாள் காலை முதல் மாலை வரை கிளினிக்கில் நிற்க வேண்டியிருப்பதால் பகுதிநேர வேலையை அதிகம் நம்பிக்கொண்டு சேரக் கூடாது.

கேள்வி: செலவு எவ்வளவு? உதவித்தொகை ஏதும் உண்டா? — ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கான கட்டண உச்சவரம்பு 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண்டு. வழக்கமான மாணவர் கடன் இதற்கும் உண்டு. அதற்கு மேல் என்ஹெச்எஸ் எனப்படும் தேசிய சுகாதார சேவையின் கற்றல் ஆதரவு நிதியில் இருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு. ஆட்கள் குறைவாக இருக்கும் துறைகளின் பட்டியலில் பொடியாட்ரி இருப்பதால் இன்னும் 1,000 பவுண்டு சேர்ந்து வருகிறது. வளர்க்க வேண்டிய குழந்தை இருந்தால் தனியாக 2,000 பவுண்டு. இவை எதையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் தானாக வராது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பயிற்சிக்காகத் தொலைதூர கிளினிக்குக்குப் போனால் கூடுதல் பயணச் செலவையும் அதே நிதியில் கேட்கலாம், ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த உதவி கிடையாது.

வேல்ஸில் கணக்கு வேறு. படித்த பிறகு இரண்டு ஆண்டு வேல்ஸிலேயே வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இங்கிலாந்தில் இன்னொரு வழி, பட்டத் தொழிற்பயிற்சி. என்ஹெச்எஸ் டிரஸ்ட் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடியே அதே பட்டத்தைப் படிக்கலாம், கட்டணம் உங்களுடையது அல்ல. இடங்கள் குறைவு, அவற்றை யூகாஸில் தேடுவதைவிட என்ஹெச்எஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் தேடுவதே பலன் தரும். குடும்பம் நடத்திக்கொண்டே படிக்க நினைக்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம்.

முடித்ததும் என்ஹெச்எஸ்ஸில் ஐந்தாம் நிலைச் சம்பளத்தில் தொடங்குவார்கள். 2025-26இல் இங்கிலாந்தில் அது 31,049 பவுண்டு, லண்டனில் இடத்துக்கு ஏற்ற கூடுதல் படி உண்டு.

கேள்வி: சில மாதத்தில் முடியும் பாதப் பராமரிப்புக் கோர்ஸ்கள் இருக்கின்றனவே. மூன்று வருடம் எதற்கு? — ஈஸ்ட்ஹாமில் இருந்து

பதில்: பொடியாட்ரிஸ்ட், கைரோபொடிஸ்ட் ஆகிய இரண்டு பெயர்களும் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. எச்சிபிசி பதிவேட்டில் இல்லாதவர் அவற்றைப் போட்டுக்கொண்டால் குற்றம். குறுகிய கோர்ஸ் முடித்தவர் 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்ற பெயரில் நகம் வெட்டலாம், காய்ப்பு எடுக்கலாம். அது நேர்மையான தொழில்தான், நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொடியாட்ரிஸ்டுக்கு மரத்துப்போகும் ஊசி போடவும் சில மருந்துகளை நேரடியாகக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. மேற்படிப்பு முடித்தால் மருந்துச்சீட்டும் எழுதலாம், 2013இல் அந்த உரிமை வந்தது. எலும்பு அறுவை வரை போகும் பாதையும் உண்டு. குறுகிய கோர்ஸில் இருந்து இவற்றுக்கு ஏற ஏணி இல்லை. பிறகு பட்டம் படிக்க நினைத்தால் பெரும்பாலும் முதலாண்டில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அந்தக் கோர்ஸில் பணம் போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: முதலாண்டு முடியப்போகிறது. காய்ப்பு எடுக்கும்போது கை நடுங்குகிறது. இரண்டு பேருக்கு ரத்தம் வந்துவிட்டது. கால் ஆணி எடுத்தால் "இன்னும் குத்துது" என்கிறார்கள். நான் இதற்கு லாயக்கில்லையோ? — ஒரு மாணவி, சால்ஃபோர்ட்

பதில்: லாயக்கு இல்லாமல் இல்லை. நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் பயத்தைவிட உட்காரும் விதம்தான். நோயாளியின் நாற்காலியை உயர்த்தி, அவர் பாதம் உங்கள் மார்பின் அடிப்பகுதிக்கு நேராக வரும்படி வையுங்கள். முழங்கை உடலை ஒட்டி இருக்கட்டும். கத்தி பிடித்த கையின் சுண்டுவிரல் அவர் பாதத்தின் மேல் ஊன்றி இருக்க வேண்டும். அவர் காலை அசைத்தால் உங்கள் கையும் அதோடு சேர்ந்தே அசையும், வெட்டு ஆழமாகாது. இந்த ஊன்றல் இல்லாமல் அந்தரத்தில் கத்தியை ஓட்டினால் கைதேர்ந்தவருக்கும் நடுங்கும்.

மற்ற கையின் வேலை தோலை இழுத்துப் பிடிப்பது. தோல் தொய்ந்திருந்தால் கத்திக்கு முன்னால் மடிப்பு எழும்பி அதில் அலகு இறங்கும். முதலாண்டு ரத்தத்தில் பாதி இப்படி வருவது. மூன்றாம் எண் பிடியில் பத்தாம் எண் அலகை மாட்டி, தோலோடு ஏறக்குறைய படுக்கவைத்து, மெல்லிய சீவலாக எடுங்கள். வெங்காயச் சருகு அளவு கனத்துக்கு மேல் ஒரே வீச்சில் எடுக்க முயல வேண்டாம். இழுக்கும்போது அலகு தடுக்கினால் அது மழுங்கிவிட்டது, உடனே மாற்றுங்கள். சிக்கனம் பார்த்து மழுங்கிய அலகோடு போராடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் வழுக்கும். காய்ப்பு கல் மாதிரி காய்ந்திருந்தால் ஈரத் துணியை ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை நிறமே சொல்லும். காய்ப்பு மஞ்சளாக, ஒளி புகாமல் இருக்கும். சீவச்சீவ இளஞ்சிவப்பு தெரியும், தோலின் ரேகைகள் திரும்பி வரும். ரேகை தெரிந்த இடத்தில் இன்னொரு சீவல் எடுக்காதீர்கள்.

"இன்னும் குத்துது" என்பதற்குக் காரணம், நீங்கள் ஆணியைச் சுற்றியிருந்த காய்ப்பை எடுத்துவிட்டு நடுவில் இருக்கும் கருவை விட்டுவிட்டதுதான். கரு கண்ணாடிபோல் மினுங்கும், கூம்பாக உள்ளே இறங்கியிருக்கும். பதினைந்தாம் எண் அலகின் நுனியால் அதன் விளிம்பைச் சுற்றி வந்து, இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியைப் பிரித்தெடுக்க வேண்டும். முடித்ததும் கட்டைவிரலால் நேராக அழுத்திப் பாருங்கள். முகம் சுளித்தால் கரு மிச்சம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் ஆணி என்று நினைத்தது மருவாக இருக்கலாம். ஆணி நேராக அழுத்தினால் வலிக்கும். மரு இரண்டு பக்கமும் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். தோல் ரேகைகள் மருவைச் சுற்றி ஒதுங்கிப் போகும். சீவியதும் கறுப்புப் புள்ளிகள் தென்படும், அவை உறைந்த நுண்குழாய்கள். அதைத் தாண்டிச் சீவினால் ஊசிமுனைப் புள்ளிகளாக ரத்தம் வரும். ரத்தம் வந்த உங்கள் நோயாளிகள் இரண்டு பேரில் ஒருவருக்கு இது நடந்திருக்க வாய்ப்பு உண்டு.

ரத்தம் வந்தால் மறைக்காதீர்கள். கிருமிநீக்கிய துணியால் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள், கட்டு போடுங்கள், நோயாளியிடம் சொல்லுங்கள், மேற்பார்வையாளரிடம் காட்டுங்கள், பதிவேட்டில் எழுதுங்கள். நீரிழிவுக்காரராக இருந்தால் சில நாளில் திரும்ப வரச்சொல்லிப் பார்க்க வேண்டும். அவர்களின் காய்ப்புக்குள் கருஞ்சிவப்புக் கறை தெரிந்தால் அது நீங்கள் வெட்டியதால் வந்தது அல்ல, அடியில் புண் உருவாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். அங்கே தனியாகத் தொடராமல் உடனே மூத்தவரை அழையுங்கள்.

கடைசியாக, எவ்வளவு அழகாக எடுத்தாலும் செருப்பு மாறாவிட்டால் சில வாரத்தில் ஆணி அதே இடத்தில் வந்து நிற்கும். நோயாளியை வெள்ளைத் தாளில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அவருடைய சப்பாத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்துக் காட்டுங்கள். பாதத்தைவிடச் சப்பாத்து ஒடுக்கமாக இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த முறை வேறு சப்பாத்தோடு வருவார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

கேள்வி: நக அறுவைப் பயிற்சி தொடங்குகிறது. ஊசி மருந்தின் அளவுக் கணக்கில் குழப்பம். சிலருக்கு நகம் திரும்ப முளைத்துவிடுகிறதே, ஏன்? — இரண்டாம் ஆண்டு மாணவர், கார்டிஃப்

பதில்: விழுக்காட்டை மில்லிகிராமாக மாற்றுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஒரு விழுக்காடு என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். ஆக மரத்துப்போகச் செய்யும் மருந்துகளில், 2 விழுக்காடு லிக்னோகைனில் 20, 3 விழுக்காடு மெப்பிவக்கைனில் 30. அட்ரினலின் சேராத லிக்னோகைனுக்கு உச்சவரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், எடை எவ்வளவு இருந்தாலும் மொத்தம் 200ஐத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம், அதாவது 2 விழுக்காட்டில் 9 மில்லிலிட்டர். 45 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 135 மில்லிகிராம், ஏழு மில்லிலிட்டர்கூட இல்லை. ஒரு கட்டைவிரலுக்கு இரண்டு முதல் நான்கு மில்லிலிட்டர் போதும் என்பதால் ஒரு விரலில் ஆபத்து குறைவு. இரண்டு கால் கட்டைவிரலையும் ஒரே நாளில் செய்யும்போதும், முதல் ஊசி பிடிக்கவில்லை என்று மேலும் மேலும் ஏற்றும்போதும்தான் வரம்பை நெருங்குகிறோம். மெப்பிவக்கைன் 2.2 மில்லிலிட்டர் குப்பியில் 66 மில்லிகிராம் இருக்கிறது. அதன் உச்சவரம்பை உங்கள் கிளினிக்கின் விதிமுறைப்படி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கை ஊசியை எடுப்பதற்கு முன்பே தாளில் எழுதி, இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

விரலின் அடியில் இருபுறமும் குத்தி, மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு நரம்புகளையும் சூழும்படி மருந்தை விட வேண்டும். ஒவ்வொரு முறையும் செலுத்துவதற்கு முன் பின்னிழுத்துப் பாருங்கள், ரத்தம் வந்தால் ஊசி குழாய்க்குள் இருக்கிறது. பிறகு ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். பிடிக்காத ஊசிகள் பலவும் உண்மையில் காத்திருக்காத ஊசிகள்தான்.

நகம் திரும்ப முளைப்பதற்கு இரண்டு காரணங்களே முக்கியம். முதலாவது ரத்தம். நகத்தின் ஓரத்தை உருவியபின் வேர்ப்பகுதியை எரிக்கப் பினால் என்னும் ரசாயனத்தைத் தடவுகிறோம். ரத்தத்தைத் தடுக்க விரலில் மாட்டும் இறுக்குவளையம் சரியாக இறுகாமல் ரத்தம் கசிந்தால் பினால் நீர்த்துப்போய் வேர் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு முறை தடவும் முன்பும் அந்தக் குழியைத் துடைத்து உலர்த்தச் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை என்பது பரவலான வழக்கம். இரண்டாவது, வேரின் பின்மூலை. நகத்தின் வேர் பக்கவாட்டில் கொம்புபோல் பின்னோக்கி நீண்டிருக்கும். பஞ்சுக்குச்சி அந்த மூலை வரை போகாவிட்டால் ஓராண்டுக்குள் அங்கிருந்து ஒரு முள் முளைக்கும். நிறம் மாறிய பழைய பினாலைப் பயன்படுத்தக் கூடாது.

இறுக்குவளையத்தைக் கழற்ற மறந்து கட்டுப் போட்டுவிட்டால் விரலே செத்துப்போகலாம். மாட்டிய நேரத்தையும் கழற்றிய நேரத்தையும் எழுதுங்கள். விரல் மீண்டும் சிவந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை கட்டைத் தொடாதீர்கள். பினால் பட்ட இடத்தில் சில வாரம் நீர் கசிந்துகொண்டே இருக்கும் என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சீழ் பிடித்துவிட்டது என்று பயந்துபோவார்கள்.

கேள்வி: நான் நர்ஸ். பொடியாட்ரிக்கு மாற யோசிக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு நீரிழிவுக்காரருக்குக் கணுக்கால்-கை அழுத்த விகிதம் 1.4 வந்தது. "நல்ல ரத்த ஓட்டம்" என்றார்கள். ஆனால் விரலில் உள்ள புண் ஆறவே இல்லை. எப்படி? — மில்டன் கீன்ஸ்

பதில்: நல்ல ரத்த ஓட்டம் இல்லை என்பதற்கான எச்சரிக்கையாகவே அந்த எண்ணைப் படித்திருக்க வேண்டும். கணுக்காலின் மேலழுத்தத்தைக் கையின் மேலழுத்தத்தால் வகுத்தால் வருவது இந்த விகிதம். கையில் 150, கணுக்காலில் 90 என்றால் 0.6. 0.9க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் அடைப்பு, 0.5க்குக் கீழே என்றால் கடுமையான அடைப்பு. 1.3ஐத் தாண்டினால் குழாய்ச்சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போயிருக்கிறது என்று பொருள். விறைத்த குழாயை நசுக்க அதிகக் காற்றழுத்தம் தேவைப்படுவதால் எண் பொய்யாக உயர்கிறது. நீண்டகால நீரிழிவில் இது வெகு சாதாரணம். இன்னும் மோசம், உள்ளே அடைப்பும் இருந்து சுவரும் விறைத்திருந்தால் இரண்டு பிழையும் சேர்ந்து 1.0 என்று சாதுவான எண்ணைக் காட்டிவிடும்.

அதனால் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளர் கருவியின் ஒலியைக் கேட்க வேண்டும். ஆரோக்கியமான குழாய் ஒரு துடிப்புக்கு மூன்று ஒலி தரும். அடைப்புக்குக் கீழே ஒற்றை இழுவையாக, காற்றடிப்பதுபோலக் கேட்கும். விரல்களின் குழாய்களில் சுண்ணாம்பு படிவது குறைவு என்பதால் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளப்பது நம்பகமான வழி. அது 30க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறுவது அரிது, ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்பியாக வேண்டும்.

அளக்கும் முறையிலும் தவறுகள் நடக்கின்றன. நோயாளி பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உட்காரவைத்து அளந்தால் கணுக்கால் எண் உயரும். பட்டை காலுக்குச் சிறியதாக இருந்தாலும் உயரும். இரண்டு கையிலும் அளந்து அதிகமானதை எடுக்க வேண்டும்.

உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையிலும் இதே கதைதான். காய்ப்பின் மேல் குத்தினால் யாருக்கும் தெரியாது. இழை வளையும் வரை மட்டும் அழுத்த வேண்டும். பத்து நோயாளிகளுக்குப் பிறகு அந்த இழைக்கு 24 மணிநேரம் ஓய்வு தராவிட்டால் அது தளர்ந்துபோய், உணர்ச்சி இருப்பவரையும் இல்லாதவராகக் காட்டும்.

பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி நீரிழிவுப் பாதத்தில் புண்ணோ தொற்றோ தென்பட்டால் ஒரு வேலை நாளுக்குள் பாதக் குழுவிடம் போய்ச்சேர வேண்டும். உங்கள் கேள்வியைப் பார்த்தால் அந்த நோயாளியைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது. இன்றே அனுப்புங்கள். நீங்கள் துறை மாறுவதானால், பட்டம் பெற்றவர்களுக்கான இரண்டாண்டு முதுகலைப் பதிவுப் படிப்பு சில பல்கலைக்கழகங்களில் உண்டு, முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: மகன் ஆசைப்படுகிறான். ஆனால் வீட்டில் பெரியவர்கள் "அடுத்தவன் காலைப் பிடிக்கிற வேலையா?" என்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. — ஒரு தந்தை, குரோய்டன்

பதில்: உங்கள் வீட்டுப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர் யாராவது இருப்பார். அவருடைய பாதத்தைக் கடைசியாக யார் திருப்பிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். உணர்விழந்த பாதத்தில் செருப்பைத் தாண்டி இரும்பு ஆணி ஏறினாலும் தெரியாது. அந்தச் சின்னப் புண்ணில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வெட்டுவதில் முடிவது நம் குடும்பங்களில் புதிதல்ல. நடுவில் நின்று அதைத் தடுப்பவர் காலைப் பிடிக்கும் இந்த மனிதர்தான்.

இந்தத் துறைக்கு நம் மண்ணின் பங்கும் பெரியது. தொழுநோயால் மரத்துப்போன பாதங்களின் அடிப்புண்ணுக்கு, பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டைப் போட்டு, நடந்துகொண்டே ஆறவைக்கும் முறையை 1930களில் இலங்கையில் கையாண்டவர் அறுவை மருத்துவர் மில்ராய் பால். 1946இல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்காக உழைத்த பால் பிராண்ட், 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது அந்த முறையையும் கொண்டுபோனார். அங்கிருந்துதான் அது நீரிழிவுப் புண்களுக்கும் பரவியது. பாதத்தின் அடியில் வரும் நீரிழிவுப் புண்ணுக்கு இன்றும் உலகெங்கும் முதன்மையாகச் சொல்லப்படும் சிகிச்சை அது. எடையை ஒரே புள்ளியில் விடாமல் பாதம் முழுவதற்கும் பரப்புவதும், நோயாளி கழற்ற முடியாமல் இருப்பதும்தான் அதன் பலம். உங்கள் மகன் மூன்றாம் ஆண்டில் படிக்கப்போவது இதைத்தான்.

தமிழ் பேசும் பொடியாட்ரிஸ்ட் ஒருவர் கிளினிக்கில் இருப்பதன் பயன் தனி. "மதமதப்பா இருக்கு", "எறும்பு ஊருது", "பித்தவெடிப்பு" என்று ஒரு பாட்டி சொல்வதை அப்படியே புரிந்துகொள்ள முடியும். வீட்டில் வெறுங்காலோடு நடக்கிறாரா, கடையில் வாங்கிய ஆணிப் பிளாஸ்திரியை ஒட்டினாரா என்று கேட்கத் தோன்றும். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம், உணர்வில்லாத காலில் நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கிவிடும்.

கேள்வி: சென்னையில் பிசியோதெரபி முடித்திருக்கிறேன். இங்கேயே பொடியாட்ரி படிக்க முடியுமா, பிரிட்டன் போக வேண்டுமா? — ஒரு வாசகி

பதில்: உங்கள் பட்டத்தை வைத்து பிரிட்டனில் பொடியாட்ரிஸ்டாகப் பதிய முடியாது. ஆனால் பிசியோதெரபிஸ்டாகப் பதிய விண்ணப்பிக்கலாம், அதுவும் எச்சிபிசியிடமே. கணுக்கால் வலி, குதிகால் வலி, விளையாட்டுக் காயம் இவற்றில்தான் ஆர்வம் என்றால் அந்த வழியே போதும், மறுபடி படிக்க வேண்டாம். புண், நகம், அறுவை, நீரிழிவுப் பாதம் என்றால் இரண்டாண்டு முதுகலை. வெளிநாட்டு மாணவர் கட்டணம் முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்த் அண்ட் கேர் விசாவுக்குத் தகுதியான வேலைகளில் பொடியாட்ரிஸ்ட் வேலை உண்டு, விதிகள் அடிக்கடி மாறுவதால் பணம் கட்டுவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை பாருங்கள்.

இந்தியாவிலேயே இருக்க விரும்பினால், செயற்கை உறுப்பு மற்றும் தாங்கிகள் செய்யும் பிபிஓ பட்டம் உண்டு, வேலூர் சிஎம்சியிலும் நடக்கிறது. அதன் கவனம் காலணி, உள்ளட்டை, தாங்கி. புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வது அதில் வராது. நீரிழிவுப் பாத கிளினிக் உள்ள பெரிய மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்து அந்தக் குழுவோடு பழகுவதும் நல்ல தொடக்கம்.

கேள்வி: டொராண்டோவில் பொடியாட்ரிஸ்ட் ஆவது எப்படி? — ஸ்கார்பரோ

பதில்: ஒன்ராறியோவில் 1993இல் இருந்து பொடியாட்ரிஸ்ட் பிரிவில் புதிதாக யாரையும் பதிவதில்லை. கைரோபொடிஸ்டாகத்தான் பதியலாம். அதற்கான படிப்பு டொராண்டோவின் மிச்செனர் நிறுவனத்தில். கியூபெக்கில் துரோவா-ரிவியேர் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் உண்டு, பாடம் பிரெஞ்சில். அமெரிக்காவில் படித்தால் இளங்கலைக்குப் பின் நான்கு ஆண்டு, மேலும் மூன்று ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி, ஆனால் பாத அறுவை செய்யும் உரிமையோடு வெளியே வருவீர்கள். அங்கே படித்துவிட்டு ஒன்ராறியோவுக்குத் திரும்பினாலும் கைரோபொடிஸ்ட் பதிவுதான் கிடைக்கும் என்பதை மறக்காமல் முடிவெடுங்கள்.

கேள்வி: இந்த ஜூனில் பட்டம் முடிகிறது. நேரடியாகச் சொந்த கிளினிக் தொடங்கலாமா? — ஒரு மாணவர், ஹடர்ஸ்ஃபீல்ட்

பதில்: சட்டம் தடுக்காது. நாங்கள் தடுப்போம். முதல் இரண்டு ஆண்டு என்ஹெச்எஸ்ஸில் இருங்கள், முடிந்தால் நீரிழிவுப் பாதக் குழுவில். சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் பாதம் தொற்றா, யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் கவுட்டா, எலும்பு நொறுங்கும் ஷார்கோ நோயா என்று பிரித்தறியும் கண் தனியாக இருந்தால் வராது. ஷார்கோவில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். மறு பாதத்தைவிட இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரே ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாமலே போகலாம். அதைத் தவறவிட்டு நடக்க அனுமதித்தால் சில வாரத்தில் பாதத்தின் வளைவே சரிந்துவிடும்.

பிறகு தொடங்கும்போது நாற்காலிக்கும் சுவர் வண்ணத்துக்கும் முன்னால் மூன்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒன்று, தொழில்காப்பீடு. அது இல்லாமல் பதிவில் இருக்கவே முடியாது. இரண்டு, கிருமிநீக்கம். நீராவியால் கிருமி நீக்கும் சொந்த ஆட்டோகிளேவ் என்றால் 134 முதல் 137 டிகிரியில் குறைந்தது மூன்று நிமிடம் நிற்க வேண்டும், தினசரிச் சோதனைப் பதிவும் ஆண்டுச் சான்றும் வேண்டும். நோயாளிகள் குறைவாக இருக்கும் முதல் ஆண்டில் ஒருமுறை பயன்பாட்டுக் கருவிகளோ, வெளியே அனுப்பிக் கிருமிநீக்குவதோ மலிவாக முடியும். மூன்று, தூசி உறிஞ்சும் அமைப்புள்ள நக டிரில். பூஞ்சை பிடித்த நகத்தின் தூசியை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தால் ஒவ்வாமையும் இளைப்பும் வரும். உறிஞ்சும் வசதி இல்லாத மலிவான டிரிலை யாராவது பழைய பொருள் விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். உறிஞ்சும் டிரில் இருந்தாலும் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், டிரிலின் வடிகட்டியை உற்பத்தியாளர் சொன்ன கெடுவில் மாற்றுங்கள்.